உதவி மேசை அராபா

“யாரு எழுதினது?” என்று கேட்டுவிட்டுத்தான் அராபா குவான்சா வணக்கத்துக்கே பதில் சொல்வார். கானாவின் கேப் கோஸ்ட் நகரத்து ஆசிரியர் கல்லூரி ஒன்றின் நூலகத்தில், ஆய்வுக்கு நூல் தேடித் தரும் மேசை அவருடையது. செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு அலமாரிகளுக்கிடையே நடப்பார். ‘இங்கே எதுவும் தின்னக் கூடாது’ என்ற பலகையை எழுதியவர் அவரே. அந்தப் பலகைக்குப் பின்னால்தான் அவருடைய வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும்.

அன்று வந்தவர் எபோ டாடோ. கடற்கரைப் பள்ளி ஒன்றில் பதினாறு வருடம் பாடம் நடத்திவிட்டுப் பட்டத்துக்குப் படிப்பவர். வகுப்பில் டேப்லெட் கொடுத்தால் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறும் என்பது அவர் கட்டுரை. ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கொடுக்க வேண்டும். இந்தத் தடவையும் திரும்பி வந்தால் ஒரு வருடம் வீண்.

அவர் நீட்டிய தாள்களை அராபா புரட்டினார்.

“வாத்தியாரே, இது டேப்லெட் விக்கிற கம்பெனி எழுதினது. நல்லாயில்லன்னு அவனே சொல்லுவானா?”

“கூகுள்ல மொதல்ல இதுதான் வந்துது மேடம்.”

“ட்ரோட்ரோ வண்டியிலகூடத்தான் ஒருத்தன் முண்டியடிச்சு மொதல்ல ஏறுறான். அவன் பெரிய அறிஞனா?”

ஆய்விதழ்களைத் தேடும் தளத்தைத் திறந்து எபோவை உட்கார வைத்தார். ‘டேப்லெட், பள்ளி, கானா’ என்று எபோ ஆங்கிலத்தில் தட்டினார். நாற்பது கட்டுரைகள் வந்து விழுந்தன. பூரித்துப்போய் முதலாவதைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்த கதை. அடுத்தது மலேரியா மாத்திரை.

அராபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மூன்று மேசைகள் திரும்பிப் பார்த்தன. “அதுவும் சரிதான் வாத்தியாரே. பூச்சி வெளியே போனா பிள்ளைங்க நல்லாத்தான் படிக்கும்!”

சொற்களை மாற்றித் தேடினார்கள். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்து நூற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அதிலிருந்து இன்னொன்று. நான்கு மணிக்குள் ஐந்து தேறின. ஆறாவதை அராபாவே அலமாரியிலிருந்து உருவி வந்தார். பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவரின் ஆய்வேடு. டேப்லெட் வந்தும் மதிப்பெண் ஏறவில்லை, உடைந்துவிடும் என்ற பயத்தில் பூட்டியே வைத்திருந்தார்கள் என்றது அது.

எபோவின் முகம் தொங்கியது. “இத விட்டுருவோமா மேடம்? என் கட்டுரையே கவுந்துரும்.”

“உங்க ஸ்கூல்ல டேப்லெட் எங்க இருக்கு?”

எபோ பிடரியைச் சொறிந்தார். “எட்மாஸ்டர் பீரோவுல.”

“அப்புறம் என்ன? உக்காந்து எழுதுங்க!”

டேப்லெட் கொடுத்தால் மட்டும் போதாது, பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும் என்று கட்டுரையைத் தலைகீழாகத் திருப்பினார் எபோ. வெள்ளிக்கிழமை கொடுத்தும்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து நூலக வாசலிலிருந்தே “மேடம், பாஸ்!” என்று கூவிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பேராசிரியரின் பாராட்டு. அராபா அதைப் பார்க்கவேயில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், நூற்பட்டியலின் மேல் விரலை ஓட்டினார். நான்காவது வரியில் விரல் நின்றது. கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, விட்டுப்போன முற்றுப்புள்ளியை வைத்தார்.