சிக்னலுக்கு அந்தப் பக்கம்

இது நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. புதுச்சேரியில் அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

அவள் நடக்க ஆரம்பித்தபோதுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பதைக் கவனித்தோம். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகி இருந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து, மார்புக்குக் கீழே ஆரம்பித்து இரண்டு கால்களுக்கும் சேர்த்து மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். தவளை மாதிரி கால்கள் இரண்டும் அகல விரிந்தபடியே இருக்கும். அப்படிப்பட்ட குழந்தையை இடுப்பில் வைக்க முடியாது. ஸ்கூட்டரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆட்டோவில் போனால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வீறிடுவாள். ஆனால் கட்டு மாற்ற, எக்ஸ்ரே எடுக்க என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

கீழ்வீட்டுக்காரர்களின் மகள் பிரான்சிலிருந்து வந்திருந்தபோது விட்டுப்போன ஒரு தள்ளுவண்டி அவர்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் கிடந்தது. கேட்டதும் துடைத்துக் கொடுத்தார்கள். நல்ல அகலம். கட்டு இடிக்காமல் என் மகள் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரே ஒரு தொல்லை, மடக்கினாலும் அது அடங்காது. அதனால் கார் வாங்குவது என்று முடிவானபோது எங்களுக்கு மைலேஜும் தெரிய வேண்டாம், கலரும் தெரிய வேண்டாம். டிக்கியில் இந்த வண்டி நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கைக்கு எட்டியது பழைய கார்தான். எங்கே கார் பார்க்கப் போனாலும் தள்ளுவண்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு இடத்தில் டிக்கி இத்தனை லிட்டர் கொள்ளும் என்றார்கள். உள்ளே இடம் நிறையத்தான் இருந்தது, வாய்தான் சின்னது, சக்கரம் நுழையவில்லை. இன்னொரு காரில் கேஸ் சிலிண்டர் பாதி டிக்கியை அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது இடத்தில் வண்டி நுழைந்தது, டிக்கியை மூட முடியவில்லை. பின் சீட்டை மடக்கிக்கொள்ளுங்கள் என்றார் அந்த ஆள். மடக்கிவிட்டால் குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்று நான் கேட்டேன். மழையில் நனைந்த தள்ளுவண்டியோடு திரும்பி வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கார் இருப்பதாகச் சொன்னார். விற்பவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகிறார்களாம். அந்த வீட்டுக்காரரை அண்ணன் என்றே கூப்பிட்டோம். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அதனால் அவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. வீட்டுக்குள் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தது.  அண்ணன் சாவியை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் மனைவிதான் எங்களோடு வாசலுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். அக்கா என்றே கூப்பிட்டேன்.

உயரமான, பெட்டி மாதிரியான கார். பின்கதவு மேல்பக்கமாகத் திறந்தது. கணவர் தள்ளுவண்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். எதுவும் தட்டவில்லை, இடிக்கவில்லை. கதவு ஒரே தள்ளில் மூடிக்கொண்டது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

"புசெத் நல்லா உக்காந்துடுச்சி" என்றார் அக்கா. தள்ளுவண்டியை அவர்கள் வீட்டில் பிரெஞ்சுப் பெயரில்தான் சொல்வார்களாம். மறுபடி கதவைத் திறந்து பார்த்தபோது, டிக்கியில் விரித்திருந்த கம்பளத்தில் சக்கரம் அழுந்திய தடம் பழையதாகத் தெரிந்தது. நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று.

அக்கா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் உள்ளே போய்விட்டார்.

"உங்க கிட்ட சொல்லாம வித்துட மனசு வரலம்மா" என்றார். "எங்க பையன் இந்த வண்டிலதான் போனான். பின்சீட்டுல. எம் மடியில."

அவனுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. நாலு அடி நடந்தால் உதடு நீலமாகிவிடும், அதனால் எங்கே போனாலும் புசெத்தான். அதற்காகவே இந்தக் காரை வாங்கியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருந்த நேரத்தில், ஒரு மழை நாள் சாயங்காலம், மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. உடனே காரில் போட்டுக்கொண்டு டவுனில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். விழுப்புரம் ரோடு வந்து சேரும் இடத்தில் சிலை நிற்கிற சிக்னலில் அன்றைக்கு எல்லா வண்டியும் மாட்டிக்கொண்டு நின்றது. அங்கே நின்றபோது பையன் அசையாமல் கிடந்தான். அண்ணன் திரும்பிக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாராம். போங்க, போங்க என்று அக்கா கத்திக்கொண்டே இருக்க, அவர் எப்படியோ வண்டியை வளைத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். தெருவில் இருந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்றார்.

இதைச் சொன்னதும் முன்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள் என்றார் அக்கா. நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள், தப்பாக நினைக்கமாட்டோம் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பாகூரிலிருந்து போனில் பேசிய மாமியார், ஊரில் வேறு காரே இல்லையா, வைத்தியத்தில் இருக்கிற குழந்தையை அதில் ஏற்றுவீர்களா என்று கேட்டுவிட்டு அழுதார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனசுக்குள்ளும் அதேதான் ஓடியது. கணவர் மட்டும், மறைத்து விற்றிருந்தால் நமக்குத் தெரியவே போவதில்லை, உண்மையைச் சொன்னவர்களை விட்டுவிட்டுப் பொய் சொல்கிறவனிடம் போய் வாங்குவோமா என்று கேட்டார்.

அது எனக்குப் போதவில்லை. மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் வேறொன்று தோன்றியது. ஆபரேஷன் முடிந்து அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் முன்னால் யார் படுத்திருந்தார்கள், அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்களா என்று நான் கேட்கவே இல்லையே. விரிப்பை மாற்றினார்கள், குழந்தையைப் படுக்க வைத்தேன். அந்தக் கட்டிலில்தான் அவள் தேறினாள். மறுநாள் நானே போன் செய்து, காரை எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.  அந்தப் பக்கத்திலிருந்து "மெர்சிம்மா" என்று மட்டும் கேட்டது, நன்றிக்கும் அவர்கள் வீட்டில் பிரெஞ்சுதான்.

காரை எடுக்கப் போனது ஒரு வேலை நாள், காலை நேரம். மகளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். பேர் மாற்றுகிற பேப்பரில் எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. கணவர் காரை ஸ்டார்ட் செய்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா? என்னை ஒருவாட்டி இந்த வண்டிலயே அந்த ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களா? அன்னைக்கி நாங்க போய்ச் சேரலியே."

 கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். அவருக்கும் காதில் விழுந்திருந்தது. நீங்களும் வருகிறீர்களா என்று கணவர் கேட்டார். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கேட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

நானும் அக்காவோடு பின்சீட்டில் ஏறினேன். அவர் இடது ஓரமாக, சாய்ந்துகொள்ளாமல் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் மடியில் விரிந்தே கிடந்தன. அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் அந்த வழியாக டவுனுக்கு வந்ததே இல்லையாம், சுற்றிக்கொண்டுதான் போவாராம்.

எப்போதும் அடைத்துக்கொண்டு கிடக்கும் ரோடு. அன்றைக்கென்று பார்த்து வழி விட்டது. சிலைகிட்ட வந்தபோது பச்சை விழுந்திருந்தது. கணவருக்குப் பிரேக்கில் கால் வைக்கவும் வேலையில்லை. சிக்னலைத் தாண்டினோம். எங்கள் நெல்லித்தோப்புக் கடைகள், டீக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் கடகடவென்று பின்னால் போயின. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துடுச்சா?" என்றார். "அதுக்குள்ளயா?"

 இவரைக் கூட்டி வந்தது பெரிய தப்போ என்று எனக்குத் தோன்றியது. அக்கா தானாகவே கதவைத் திறந்து இறங்கி, அவசரப் பிரிவுக்கு ஏறும் சரிவில் நடந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்ற ஆள் காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பேஷன்ட் எங்கம்மா?"

அவர் கேட்டது அவர் வேலை.  நான் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லைங்க, சும்மா வந்தோம் என்றேன். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தார். யாரோ உள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்ததும் விலகி வழி விட்டு, போவலாம் என்றார்.

திரும்பும்போது சிலைகிட்ட வந்ததும்தான் பேசினார். அன்றைக்குச் சிக்னலுக்கு வருவதற்கு முன்னாலேயே பையன் போய்விட்டான், மடியில் வைத்திருந்த எனக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டுதான் போங்க போங்க என்று கத்தினேன் என்றார். ஆனால் அண்ணனுக்கு இன்னும் அது தீரவில்லையாம். திருப்பாமல் கொஞ்சம் முட்டி மோதிப் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானோ என்று உள்ளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறாராம். சொந்தக்காரர்கள் சிலர் அதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டும் விட்டார்கள்.

நீங்களே அவரிடம் இதைச் சொல்லக்கூடாதா அக்கா என்று கேட்டேன்.

"எவ்ளோ வாட்டி சொல்லிட்டேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சிக்கிறாரு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப போனதும் கேப்பாரு. எங்கிட்ட கேக்க மாட்டாரு, உங்ககிட்டதான் கேப்பாரு. வழியெல்லாம் கூட்டம், ரொம்ப லேட்டாயிடுச்சின்னு சொல்லிடுங்க."

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் அதைக் கேட்டார். அவர்கள் தெருவில் திரும்பாமல் ரெட்டியார்பாளையம் தாண்டி மூலக்குளம் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய், அங்கே ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டார்.  சீக்கிரம் போய் நின்றால் அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே. மழை லேசாகத் தூற ஆரம்பித்தது. மூன்று பேரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். நேரம் போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையசைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

அண்ணன் நாங்கள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நின்றிருந்தார். சட்டை நனைந்திருந்தது. அக்கா அவரைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டார். அவர் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அக்கா சொன்ன மாதிரியே என்னிடம்தான் கேட்டார்.

"சிக்னல்ல நின்னீங்களா?"

"ரொம்ப நேரம் நின்னோம்ணா. நகரவே முடியல. அதத் தாண்டியும் வழியெல்லாம் அதேதான்."

  அவர் ரோட்டைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "அந்த ரோடு அப்டித்தான். யாரு போனாலும் அப்டித்தான்."

சொல்லிவிட்டுக் காரின் கூரையில் கையை வைத்தபடி நின்றார். அழுதாரா, முகத்தில் இருந்தது மழையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கேட்டை அகலத் திறந்து, காரைத் திருப்ப எங்களுக்குக் கை காட்டினார்.

அடுத்த மாதம் அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். போன் நம்பர் இருக்கிறது. நான் பேசவில்லை. பேசினால் அண்ணன் எடுத்துவிடுவாரோ என்று ஒரு தயக்கம். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள், விழுகிறாள், எழுந்துகொள்கிறாள். கார் எங்களிடம்தான் இருக்கிறது.

அந்த அக்கா தன் பிள்ளை போய்ச் சேராத இடத்தைத் தனக்காகப் பார்க்க வந்தார். பார்த்தது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்திலும், நெஞ்சு வெடிக்கிற அந்தப் பாரத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு என்ன சொல்லலாம் என்றுதான் அவர் யோசித்தார். கணவரோடு ஏதாவது மனத்தாங்கல் வந்து, யார் மேல் தப்பு என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிற நாட்களில் எனக்கு அந்த அக்காவின் முகம் ஞாபகம் வருகிறது, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிடுகிறேன்.