இருபது அங்குலச் சுவரும் என் வைஃபையும்

போன வாரம் ஒருநாள் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் ஒரு வெள்ளை டப்பாவைப் பிடித்தபடி, சுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சுத்தத் தமிழில். பவானிபூரின் வங்காளச் சுவருக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் திட்டினால் ஓர் ஆறுதல்!

விஷயம் இதுதான். வீட்டில் நானும் என் மகள் சுபாவும் இரண்டே பேர். பழைய காலத்து வாடகை வீடு, முதல் மாடி. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி வராந்தா. தெருப்பக்கத்து முன்னறையில் ரவுட்டர். கடைசிக் கோடியில் சுபாவின் அறை. அவளுக்கு ஐடி கம்பெனியில் வேலை; வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். ரவுட்டருக்கும் அவளுக்கும் நடுவில் சுவர்... அப்புறம் சுவர்... அப்புறம் இன்னொரு சுவர். ஒவ்வொன்றும் இருபது அங்குலம். குண்டு போட்டாலும் அசையாது. வைஃபை எப்படிப் போகும்?

வீடியோ காலில் பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று திரையில் அவள் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிடும். அன்றும் அப்படித்தான். கிளையன்ட் முன்னால், முக்கியமான இடத்தில், கால் அறுந்தது.

"தூர்!" — கோபம் வந்தால் என் மகளுக்கு வங்காளம்தான் வரும். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "போதும்மா. நியூ டவுன்ல ஒரு ஃப்ளாட் பாத்து வெச்சிருக்கேன். பதினோராவது மாடி. லிஃப்ட் இருக்கு. நெட் சும்மா பறக்குது. நாம போயிடலாம்."

நாமா? அதில் நானும் சேர்த்தியா? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?

இந்தத் தெருப்பக்கத்துப் பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கினால், தெருவில் போகிற காய்கறிக்காரர் பையை நிரப்பிக் கொடுத்துவிடுவார். பக்கத்துத் தெருவில் நம்மூர் மளிகைக்கடை. முருங்கைக்காய் வந்தால் அண்ணாச்சியே போன் போட்டுச் சொல்வார். மெட்ரோ நடக்கிற தூரம். எதிர் வராந்தாவில் ஷிப்ரா பௌதி. பௌதி என்றால் அண்ணி; அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது முற்றத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கத்திப் பேசிக்கொள்வோம். இதையெல்லாம் விட்டுவிட்டு, பதினோராவது மாடியில் போய் உட்கார்ந்து நான் யாரோடு கத்துவது?

இணையக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டேன். என் தம்பி வயது இருக்கும். வந்தார், சுவரை விரலால் ஒரு தட்டு தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "ஏய் தெயாலே ஹோபே நா, மாஷிமா" என்றார். இந்தச் சுவரில் வேலைக்கு ஆகாது, பெரியம்மா. ஃப்ளாட்டுக்குப் போய்விடுங்கள் என்று இலவச ஆலோசனை வேறு.

எனக்கு வந்ததே கோபம்! ஆகாது என்பதற்கா, பெரியம்மா என்பதற்கா... இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"திங்கட்கிழமை பெரிய கால் இருக்குன்னியே... அது அறுந்து போகாம ஓடினா?" என்று சுபாவிடம் கேட்டேன்.

"ஓடாதும்மா."

"ஓடினா?"

"ஓடினா ஃப்ளாட் பேச்சையே எடுக்கமாட்டேன். ஓடலேன்னா அன்னிக்கு சாயங்காலமே புரோக்கர்கிட்ட டோக்கன் அட்வான்ஸ். நீ வாயே திறக்கக்கூடாது."

"சரி" என்றேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பதா? விட்டேனா பார்!

மறுநாளே சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் மெஷ் வைஃபை ஒரு செட் வாங்கி வந்தேன். மூன்று வெள்ளை டப்பாக்கள். பயந்துவிடாதீர்கள், பெரிய வித்தை ஒன்றுமில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைக் கைக்குக் கை மாற்றிக் கடைசி இலைவரை கொண்டுபோகிறோம் இல்லையா? அதே வேலைதான். முதல் டப்பா ரவுட்டரிடமிருந்து வாங்கி இரண்டாவதிடம் கொடுக்கும், இரண்டாவது மூன்றாவதிடம். நாம் அவற்றைச் சரியான இடத்தில் நிறுத்தினால் போதும்.

அந்தச் சரியான இடத்தில்தான் கோட்டை விட்டேன்.

புதுசாக எந்தச் சாமான் வந்தாலும் நம் வீடுகளில் முதலில் என்ன செய்வோம்? சந்தனம், குங்குமம்! மூன்று டப்பாக்களுக்கும் நெற்றி என்று தோன்றிய இடத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தேன். போனில் ஆப்பைத் திறந்து, அது சொன்னபடியெல்லாம் செய்து, ஒன்றை முன்னறையிலும் ஒன்றைச் சுபா அறையிலும் வைத்தேன். நடு டப்பாவை அடுக்களை அலமாரியில், கிரைண்டர் பிளக் பக்கத்தில் சொருகினேன். பார்க்க அசிங்கமாக இருக்கக்கூடாதே என்று முன்னால் எவர்சில்வர் அண்டா, தூக்கு, குடம் எல்லாவற்றையும் அடுக்கி மறைத்தேன். சிக்னலுக்கு இருபது அங்குலச் சுவர் போதாதென்று நானே ஓர் இரும்புக் கோட்டையும் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

சுபா வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "மெட்டலுக்குப் பின்னாடி வெச்சா எப்படிம்மா வரும்? விட்டுடேன். எதுக்கு இவ்வளவு அடம்?"

விடுவதாவது! சுவரோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய்த்தான், தொடக்கத்தில் சொன்னேனே, ஸ்டூல் மேல் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஷிப்ரா பௌதி என்ன சத்தம் என்று கேட்டார். எங்கள் பேச்செல்லாம் வங்காளத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஒண்ணுமில்ல பௌதி, சுவரைத் திட்டறேன்!"

"அது கேக்குதோ இல்லையோ, எனக்கு நல்லா கேக்குது தீதி!"

சட்டென்று உறைத்தது. என் குரல் என்ன சுவரைத் துளைத்துக்கொண்டா அவரிடம் போகிறது? முற்றம் வழியாகத்தானே போகிறது! வைஃபையை மட்டும் எதற்குச் சுவரில் முட்டச் சொல்கிறேன்? முன்னறையின் முற்றத்துப் பக்க ஜன்னலில் ஒன்று, எதிர் வராந்தாவில் ஒன்று, சுபா அறை ஜன்னலில் ஒன்று. வெட்டவெளியில் ஓடட்டுமே!

எதிர் வராந்தா பௌதியின் பகுதி. பிளக்கும் அவருடையது. கேட்டதும் சரி என்றார். பதிலுக்குப் பாஸ்வேர்ட் வேண்டுமாம், சீரியல் பார்க்க. தாராளமாக!

சொருகினேன். சிவப்பு விளக்கு. சிவப்பென்றால் இணைப்பு இல்லை என்று அர்த்தம். டப்பாவை இடது பக்கம் நகர்த்தினேன், சிவப்பு. வலது பக்கம், சிவப்பு. கம்பத்தில் தூக்கிக் கட்டினேன், அப்போதும் சிவப்பு. அழுகையே வந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அந்தக் கால். மனசுக்குள் பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பௌதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவுக்குக் கிட்டத்தில் வந்து பார்த்தார். "ஓ மா! பாக்ஸேர் கோபாலே ஷிந்தூர் கேனோ?" டப்பாவின் நெற்றியில் குங்குமம் எதற்கு என்கிறார்!

விளக்கின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறேன். பௌதி முந்தானையால் துடைத்தார். உள்ளே பளிச்சென்று வெள்ளை விளக்கு. எப்போதோ இணைந்துவிட்டிருக்கிறது. நான்தான் அதைக் குறுக்கும் நெடுக்கும் அலைக்கழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திங்கட்கிழமை கால். சுபாவின் அறை வாசலில், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். எங்கும் திக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஜோக்கடித்ததும் இவள் சிரித்ததும்கூட எனக்குக் கேட்டது. ஜெயித்தேன்!

வெளியே வந்தவள் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

"என்னடி, ஓடிச்சா இல்லையா?"

"ஓடிச்சு." கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "அம்மா... நெட்வொர்க்குக்காக இல்லம்மா. அப்பாவும் இல்ல. நான் ஆபீஸ் போனா நீ தனியா. அந்த இருட்டு மாடிப்படியில நீ ஏறி இறங்கறத நினைச்சா எனக்கு அங்க வேலையே ஓடல."

எனக்குச் சுருக்கென்றது. "அதை நேரா சொல்றதுக்கென்ன? பாவம் வைஃபை மேல எதுக்குப் பழி?"

"சொன்னா... உனக்கு வயசாயிடுச்சுன்னு நான் சொல்ற மாதிரி ஆயிடுமே."

பெற்றவளிடம் நேராகச் சொல்லப் பயப்படுகிறாளே என்று கோபம் வந்தது. எனக்காகப் பயப்படுகிறாளே என்று கண்ணும் கலங்கியது. ஆனால் விட்டுக்கொடுத்துவிடுவேனா?

"வயசாயிடுச்சுதான். யார் இல்லேன்னா? அதுக்காக என்னையும் சாமானோட சாமானா பேக் பண்ணிடுவியா? எங்க இருக்கணும்னு நான்தான் சொல்லணும். படி ஏற முடியாத அன்னிக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் இதுதான் என் வீடு."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "படிக்கு ஒரு கைப்பிடி, நல்ல வெளிச்சமா ஒரு லைட்... அதாவது போட்டுக்கலாமா?"

அது நியாயம். ஒத்துக்கொண்டேன். பெற்றவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இருக்கிற பயம் எப்போதும் வேறு ஏதோ ஒரு பெயரில்தான் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? நெட்வொர்க் என்பார்கள், பார்க்கிங் என்பார்கள், தண்ணீர் வசதி என்பார்கள். நாமும் அந்தப் பெயரோடேயே சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

நேற்று புரோக்கர் போன் செய்தார். கடைசி அறையில், சுபாவின் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, வாட்ஸ்அப் காலில்தான் பேசினேன். "வேண்டாம்" என்றேன்... துளிகூட விட்டுவிட்டுக் கேட்டிருக்காது!