தூங்குகிறவனுக்கும் பாதி

தேசிங்கு இறந்த செய்தி வந்தபோது நான் எண்ணூர் துறைமுகச் சாலையில் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் முப்பது நாற்பது டிரெய்லர். பின்னால் எத்தனை என்று பார்க்கவில்லை. அவன் மனைவி செல்விதான் போன் செய்தாள். "அண்ணா, அவரு பூட்டாரு" என்றாள். வண்டியைத் திருப்ப இடமில்லை. கன்டெய்னரை இறக்கிவிட்டு எர்ணாவூரில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனது. வரிசையில் நிற்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது என்று நானும் தேசிங்கும் சேர்ந்து திட்டிக்கொண்டே அந்த நேரத்தைக் கழிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த அஞ்சலியில் அவனை 'அவன்' என்று எழுதுவதை நம் லாரி யார்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கேபினில் எட்டு வருடம் மாறி மாறித் தூங்கியவனை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னை 'மாமு' என்பான். நல்லவன்தான், ஆனால் தொல்லை பிடித்தவன். நான் ஓட்டி முடித்து நகர்ந்ததும் ஸ்டியரிங்கைத் துண்டால் அழுத்தித் துடைப்பான், எனக்கு ஏதோ சொறி இருக்கிற மாதிரி. குள்ளமான ஆள் என்பதால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வான். திரும்பத் தள்ளி வைக்க மாட்டான். இந்தச் சீட்டுத் தகராறில் விஜயவாடாவிலிருந்து நாக்பூர் வரை ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறோம்.

அவன் உறவுக்காரர்களுக்கு எங்கள் கூலி விஷயம் தெரியாது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவசரச் சரக்கு என்றால் ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவன் ஓட்டுவான், மற்றவன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் தூங்குவான். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும், வண்டி நிற்காது. வண்டி ஓடிய கிலோமீட்டருக்குத்தான் கூலி. யார் எவ்வளவு ஓட்டினாலும் அதில் ஆளுக்குப் பாதி.

இந்தப் பாதி எனக்குப் பிடிக்காமல் இருந்தது. நான் வேகமாக ஓட்டுவேன், அவன் மெதுவாக ஓட்டுவான். அவனுக்கும் சேர்த்து நான்தான் சம்பாதிக்கிறேன் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். அதனால் எங்கள் முதலாளி வண்டியில் கார்டு மெஷின் மாட்டியபோது சந்தோஷப்பட்டவன் நான். ஸ்டியரிங்கில் உட்காருகிறவன் தன் கார்டைச் செருக வேண்டும். அவன் ஓட்டிய தூரத்துக்கு அவனுக்குக் கூலி. தேசிங்கு அந்த மெஷினை ஒரு நிமிஷம் பார்த்தான். "இது பேஜாரு புடிச்ச வேலை மாமு" என்றான். அவ்வளவுதான்.

மெஷின் வந்த இரண்டாவது மாதம், ஆதிலாபாத் தாண்டி. மதியம் ஒரு மணிக்கு அவனை எழுப்பியிருக்க வேண்டும். அயர்ந்து தூங்குகிறான், பாவம், இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் கார்டில் இன்னும் நூறு கிலோமீட்டர் ஏறட்டும் என்றுதான் எழுப்பவில்லை. சாப்பிட்ட மயக்கம், நேரான ரோடு. கண் எப்போது மூடியது என்று தெரியாது. டிவைடரில் டயர் உரசிய சத்தத்தில் விழித்து பிரேக் போட்டேன். அவன் படுக்கையிலிருந்து உருண்டு கியர் மேல் விழுந்தான்.

வண்டியை ஓரம் கட்டினேன். அவன் எழுந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் குடித்து முடித்ததும் கேட்டான்.

"மணி இன்னா இப்போ?"

"ரெண்டரை."

"ஒண்ணுக்கே எய்ப்பணும்ல?"

அவன் மெஷினில் இருந்த என் கார்டைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "தூங்கறவனுக்கும் கூலி குடுத்தாத்தான் மாமு ஓட்றவன் முய்ச்சிகினு இருப்பான்" என்றான். பிறகு ஸ்டியரிங்கைத் துடைத்தான். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

ஊர் வந்ததும் நேராக முதலாளியிடம் போய், இரண்டு கார்டையும் கூட்டிப் பாதியாகக் கொடுக்கச் சொன்னான். கம்ப்யூட்டரில் அப்படி வழியில்லை என்றார் அவர். "கிலோமீட்டருக்கு அடிச்சிகினு ரெண்டு பேரும் தூங்காம வந்தா உங்க வண்டி படுத்துரும் சார்" என்றான். அவர் சிரித்தார், மாற்றவில்லை. அதற்குப் பிறகு கணக்கு முடிகிற நாளில் எர்ணாவூர் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பேர் பணத்தையும் ஒன்றாகப் போட்டு நாங்களே பிரித்துக்கொண்டோம். டீக்குக் காசு கொடுத்தது எப்போதும் நான்தான். அந்த விஷயத்தில் அவன் மகா கருமி.

கடைசி டிரிப்பில் நாக்பூரில் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றான். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரயிலில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். "நம்ம வண்டிலயே வரேன்" என்றான். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும் நான் ஓட்டினேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை ஓரம் கட்டித் தூங்கினேன். அப்போது அவன் விழித்திருந்து, நேரம் பார்த்து என்னை எழுப்பினான். வந்து சேர்ந்த அன்றே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தான்.

நாக்பூரிலிருந்து வந்த தூரம் முழுக்க என் கார்டில்தான் இருந்தது. அவன் போன பிறகு பணமும் என் பெயரில்தான் வந்தது. என் மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டும். அதுவும் சரியாக இந்தத் தொகை. இந்தத் தடவை அவன் ஓட்டவே இல்லையே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, யோசித்தேன்தான். மறுநாள் பாதியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். செல்வி வாங்கவில்லை.

"அவுரு எங்கண்ணா ஓட்னாரு? படுத்துகினு தானே வந்தாரு."

"படுத்துகினு வந்ததுக்குத்தாம்மா இது" என்றேன்.

செல்வி கையை நீட்டினாள்.

இப்போது என்னோடு வேறொருவர் வருகிறார். எண்ணூரில் வண்டி எடுக்கும்போதே கூலி எப்படி என்று கேட்டார். பாதி என்றேன். தேசிங்கிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பாதியும், மணி ஆனதும் எழுப்புகிற பழக்கமும்தான். சீட்டு இப்போது நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் பின்னால் தள்ளக் கை போகிறது.