இரண்டாக வகைப்படுத்துக

யூரியாச் சாக்கை மழையில் நனையவிட்டால் அதிலிருந்து கிளம்பும் நெடி மூக்குக்குள் சுருக்கென்று ஏறும். எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் அப்படியொரு வெறும் சாக்குக் கிடந்தது. உள்ளே ஒரு மணி உரம்கூட இல்லை, நெடி மட்டும் மிஞ்சியிருந்தது. யூரியா எங்கள் ஊருக்கு வராமல் இரண்டு போகமாகியிருந்தது. "வட்டை" என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி முழுவதும் பயிர் மஞ்சளடித்து நிற்க, அப்பா வரம்பில் நின்று இன்னாரையென்று சொல்லாமல் ஏசிக்கொண்டிருப்பார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தில் இருந்ததால் எங்களுடையது படுவான்கரை. பள்ளிக்கூடமோ கிழக்கே எழுவான்கரையில். நடுவே "பாதை" என்கிற மிதவையில் வாவியைக் கடக்க வேண்டும். சண்டைக் காலமாதலால் எழுவான்கரைத் துறையில் "சென்றி" என்ற இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. குண்டு செய்ய உதவும் என்று படுவான்கரைக்குக் கொண்டுபோகத் தடைசெய்த பொருட்களை அங்கே ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். யூரியா, கந்தகம், பற்றரி, அலுமினியம் என்று அது நீளும். பின்னேரங்களில் வரிசையில் காத்து நின்று காத்து நின்று அந்தப் பலகை எனக்குத் தேவாரத்தைவிட நன்றாகப் பாடமாகிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் இரசாயனம் தொடங்கியது. தனித்து நிற்கும் மூலகம் என்றால் என்ன, மூலகங்கள் கூடி உண்டாகும் சேர்வை என்றால் என்ன என்று படிப்பித்த கிழமை முழுவதும் பாதை ஓடவில்லை. எங்கேயோ யாரோ சுட்டதற்கு நாங்கள் கரையில் நின்றோம். அடுத்த திங்கட்கிழமை போனால் பரீட்சை. "கீழ்வரும் பொருட்களை இரண்டாக வகைப்படுத்துக: கந்தகம், யூரியா, உப்பு, அலுமினியம், சீனி, ஒட்சிசன்." எந்த இரண்டு என்று கேள்வியில் இல்லை, மூலகமும் சேர்வையும் என்று வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். மிகுந்த சந்தோசத்தோடு ஒரு பக்கம் "கொண்டுபோகலாம்" என்றும் மறுபக்கம் "கொண்டுபோக ஏலாது" என்றும் தலைப்புப் போட்டு நிரப்பினேன். ஒட்சிசனில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். பலகையில் அது இல்லை, மூச்சோடு தினமும் கொண்டுபோகிறோம்தானே என்று உப்புக்கும் சீனிக்கும் பக்கத்தில் எழுதினேன்.

விஞ்ஞான ஆசிரியர் ஒருநாளும் வாவி கடக்காத பட்டினத்து மனிதர். என் விடையை உரக்க வாசித்துச் சிரித்தார், வகுப்பே சிரித்தது. பிறகு அவர் முகம் மாறியது. தாளை நாலாகக் கிழித்தார்.

"இத ஆரும் கண்டா உனக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து."

முழுப் பரீட்சைக்கும் பூச்சியம் போட்டார். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அடுத்த வருடம் "ஏ" வகுப்புக்கு ஆள் எடுப்பார்கள். ஆய்வுகூடத்தின் கதவு அந்த வகுப்புக்கு மட்டும்தான் திறக்கும். நான் அதற்குள் போவதற்காகவே பாதை ஏறிக்கொண்டிருந்தேன். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. அந்தச் சிரிப்பை மன்னிக்கத்தான் இன்றுவரை மனம் வரவில்லை.

மறுநாள் அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு வெளுத்த சாரம் உடுத்து என்னுடன் வந்தார். ஆசிரியருக்கு முன்னால் கதிரை கிடந்தும் அதில் அமரவில்லை.

"சேர், எண்ட புள்ள எழுதினதில எது பிழை? ஒரு கிலோ யூரியாவோட நான் பாதையில ஏறட்டா? சொல்லுங்க."

ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி, பாடத்தில் உள்ளதற்குத்தான் புள்ளி போடலாம் என்றார். எங்கள் மஞ்சள் வட்டை எந்தப் பாடத்திலும் இல்லை. நான் "பி" வகுப்புக்குப் போனேன். கந்தகம் நீலச் சுவாலையோடு எரியும் என்று மனனம் செய்தேன். அந்த நீலத்தை இந்த வயது வரைக்கும் கண்டதில்லை.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. பாதையும் இல்லை, பலகையும் இல்லை, அப்பாவும் இல்லை. போன மாதம் பஸ்ஸில் பாலம் கடக்கையில் யூரியா மூட்டைகள் ஏற்றிய லொறியொன்று முன்னால் போனது, ஒருவரும் மறிக்கவில்லை. பக்கத்தில் விஞ்ஞானப் புத்தகத்தோடு இருந்த மகள் அதைக் காட்டி, "அம்மா, யூரியா மூலகமா, சேர்வையா?" என்று என்னைச் சோதித்தாள்.

"கொண்டுபோக ஏலாது," என்றேன்.

அவள் பிழை என்றாள். சேர்வை என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று நான் எழுதியது பிழையென்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.