ஒரே ஒரு மலைதான் வந்தது

நான், என் அக்கா மல்லிகா, எங்களிடம் எண்ணெய் வாங்கும் வியாபாரி கணேசன், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஷமீமா. போன செவ்வாய்க்கிழமை அந்தக் கூடத்தின் ஏசி அறையில் இருந்தது இந்த நாலு பேர்தான். ஏசியிலும் வியர்த்தது எனக்கு மட்டும்.

இலுப்பூர் பக்கத்தில் அக்காவும் நானும் திருநீற்றுப்பச்சிலை பயிரிட்டு, ஆவியில் வேகவைத்து, வாசனை எண்ணெய் எடுக்கிறோம். காய்ச்சுவது அக்கா. கவலைப்படுவது நான்.

கடைசியாகக் கொடுத்த எண்ணெயைக் கணேசன் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "வாசனை ரொம்பத் தூக்கலா இருக்குங்க. ஃபேக்டரில செய்யுற செயற்கைச் சரக்கு கலந்திருக்குமோன்னு..." என்று இழுத்தார். வேறெங்கோ ஒருமுறை ஏமாந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கலப்படம் என்று பெயர் கிளம்பிவிட்டால் அப்புறம் யார் வாங்குவார்கள்?

"டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். பீஸ் நான் கட்டுறேன்!" என்றாள் அக்கா.

நானோ அவளைத் தனியே கூப்பிட்டு, "எதையாச்சும் ஊத்துனியாக்கா?" என்று கேட்டுவைத்தேன். அவள் என்னை முறைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை.

ஷமீமா கோட்டைப்பட்டினத்துப் பெண். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். எங்கள் எண்ணெயில் லினலூல் என்று ஒரு வாசனைப் பொருள் இருக்கிறதாம். அதன் மூலக்கூறில் இரண்டு வகை. வலது கையும் இடது கையும் போல, கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றதாகத் தெரியும். எடையும் ஒன்று, கொதிக்கிற சூடும் ஒன்று. அப்புறம் எப்படிப் பிரிப்பது?

"அண்டா மூடியத் தூக்க கிளவுஸ் வச்சிருப்பீங்கள்ல? வலது கிளவுஸ்ல இடது கைய விட்டுப் பாருங்க, தெரியும்."

எண்ணெயை ஆவியாக்கி, சுருட்டி வைத்த மெல்லிய, நீளமான குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். குழாயின் உள்பூச்சு ஒரு கைக்குத் தைத்த கிளவுஸ் மாதிரி. பொருந்துகிற கை தங்கித் தங்கி வரும். பொருந்தாதது முந்திக்கொண்டு ஓடிவிடும். வெளியே வரும்போது ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு மலை எழும்பும்.

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் ஃபேக்டரிச் சரக்கை ஓட்டினார். நார்த்தாமலைக் குன்றுகள் போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலை. ஒரே உயரம்... அவ்வளவு அழகு!

டீ குடித்துவிட்டு வந்தோம். எங்கள் எண்ணெயில் அதே இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒரே ஒரு மலை. பக்கத்தில் வெறும் தரை.

செருப்பில் ஒற்றை தொலைந்தாலே நாள் முழுக்கப் புலம்புகிறவள் நான். "ஐயோ, இன்னொண்ணக் காணோமே! நான்தான் கேன் மூடிய சரியா மூடல போல..." என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டேன்.

ஷமீமா சிரித்துவிட்டார். "அம்மா, ஒண்ணு வந்தாத்தாங்க நல்ல எண்ணெய்! செடி பெரும்பாலும் ஒரு கையத்தான் செய்யும். ஃபேக்டரிலதான் ரெண்டும் சரிபாதியா வரும். கலந்திருந்தா ரெண்டாவது மலை காட்டிக் குடுத்திருக்கும்."

நல்ல சேதி மலை மாதிரி கண் முன்னால் நிற்கிறது... நான் காணாமல் போன மலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கவலைப்படுகிற ஆட்களின் கண்ணே அப்படித்தானோ?

கணேசன் எழுந்தே நின்றுவிட்டார். "தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. அடுத்த அறுப்பும் எனக்குத்தான் தரணும்."

அக்கா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அவரு வியாபாரி, சந்தேகப்பட்டாரு. ஒனக்கு என்னடி வந்துச்சு?"

பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்:

"சந்தேகப்பட்ட ரெண்டு பேரும் பீஸ்ல ஆளுக்குப் பாதி குடுங்க."

கணேசன் தன் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டார். என் கைப்பையில் பஸ் காசுதான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பாக்கியை மட்டும் விடவில்லை — ஆயிரத்து நூறு ரூபாய்.