அட்டைப் படத்துக்கு நான் சொன்ன சாட்சி

இதை எழுத எனக்குப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு ரமலானிலும் நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவன், எழுத்து நன்றாக வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான் காரணம். இனிமேலும் தள்ளிப்போட வயது இல்லை. படைத்தவன் முன்னால் சொன்னதை மனிதர்கள் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் திருவையாற்றுக்குப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள். மகன் கம்ப்யூட்டர் படித்து கனடா போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் போன் வரும். அவனுக்கு அங்கே சாயங்காலம் முடிகிற நேரம். பேச எங்களுக்கு விஷயம் குறைந்துகொண்டே வந்தது. உடம்பு எப்படி, மழை உண்டா, ஆற்றில் தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவன் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான்.

"நாலஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காருவோம்த்தா. ஒருத்தர் கதையச் சொல்லிக்கிட்டே போவாரு. மத்தவங்க ஆளுக்கொரு வேஷம். நான் வியாபாரி, இன்னொருத்தன் படகோட்டி. என்ன செய்யப்போறோம்னு வாயால சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை உருட்டிப் பாப்போம்."

"பகடையா? ஹராமாச்சேடா!"

"காசு கிடையாதுத்தா. கதைதான்."

பழைய காலத்துக் கதைகள்தான் அவர்களுக்குப் பிடிக்குமாம். ரோமாபுரி, சீனம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் காலத்துக்கும் தனித்தனியாகத் துணைப் புத்தகம் வருமாம். அந்த ஊரில் என்ன சாப்பிட்டார்கள், எதில் பயணம் போனார்கள், யாருக்கு யார் பயப்பட்டார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். மகனும் கூட்டாளிகளும் இந்தப் புத்தகங்களைப் படித்து, தரம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு இன்டர்நெட்டில் எழுதிவந்தார்கள். எழுத்துக்கு ஒரு மார்க், சரித்திரத்துக்கு ஒரு மார்க், அட்டைப் படத்துக்கு ஒரு மார்க்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நம் காவிரி நாட்டை வைத்தும் ஒரு புத்தகம் வந்தது. மகன் அதை கூரியரில் எனக்கு அனுப்பினான். "எங்க கூட்டத்துல யாருக்கும் இல்லாதது எனக்கு இருக்கு. எங்கத்தா" என்றான். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று ஞாயிறு அதே வேலையாக இருந்தோம். அவன் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்வான். நான் சரி, தப்பு என்பேன். ஓரிடத்தில் மிளகாய்க் குழம்பு வந்தது. அந்தக் காலத்தில் மிளகாயே கிடையாது என்றான். "மிளகா இல்லாம என்னத்தடா தின்னாங்க, பாவம்" என்றேன். சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

கடைசியாக அட்டைப் படம். வானம் முழுக்க மேகம். கண்ணுக்கு எட்டுகிறவரை தண்ணீர். தண்ணீருக்கு மேலே நெற்கதிர் தலைகாட்டி நிற்கிறது. மூன்று பெண்கள் சின்னத் தோணியில் நின்று குனிந்து அரிவாளால் அறுக்கிறார்கள்.

"இது நெல்லே இல்லப்பா, கோரை" என்றேன். "வடிய விட்டு, மண்ணு இறுகினப்புறம்ல அறுப்பாங்க? தண்ணியில கிடந்தா கதிரு முளைச்சுப் போயிடும். வயக்காட்டையே பாக்காத ஆளு வரைஞ்சது."

பக்கத்தில் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் வேதாரண்யம் பக்கத்துக்காரி.

"ஏங்க, எங்க உம்மா வீட்டுக்குப் போற வழியில இந்த மாதிரி..."

"உங்க வீட்டுல நெல்ல மூட்டையிலதானே பாத்தீங்க? நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்துவிட்டாள். அவர்கள் கடை வைத்திருந்தவர்கள் என்பதை நான் முப்பது வருடமாகச் சொல்லிக்காட்டி வந்தவன்.

"எத்தனைத்தா போடலாம்?" என்றான் மகன்.

"சைபர் போடு."

அவன் அப்படியே போட்டான். இந்த அட்டையை வரைந்தவர் நெல்வயலைக் கண்ணால் கண்டதில்லை, தஞ்சாவூர் விவசாயி ஒருவரே பார்த்துச் சொன்னது என்று எழுதினான். நிறைய பேர் படித்தார்களாம். விவசாயியே சொல்லிவிட்டார் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களாம். நான் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஒரு மாதம் போல் ஆனது. அட்டை வரைந்தவர் கடிதம் எழுதியிருக்கிறார் என்று மகன் போனில் படித்துக் காட்டினான். அது ஒரு பெண். வெளிநாட்டுக்காரி அல்ல. தலைஞாயிற்றுக்கு அப்பால் ஒரு கிராமம், ஊர்ப்பெயரும் எழுதியிருந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைந்து அனுப்புகிறவள். 'நான் வரைந்தது எங்கள் வயல். படத்தில் இருப்பது என் அம்மா. இன்னும் இரண்டு புத்தகங்களுக்கு என்னை வரையச் சொல்லியிருந்தார்கள். இப்போது யோசிக்கிறார்கள். தயவுசெய்து விசாரித்துத் திருத்தி எழுதுங்கள்' என்று இருந்தது.

"அத்தா, நிச்சயமாத்தானே சொன்னீங்க?"

அந்த இடத்தில் நான் 'தெரியலப்பா, விசாரிக்கிறேன்' என்றிருக்கலாம். பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். ஆனால் மகன் என்னைச் சந்தேகப்பட்டுவிட்டான் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"நாப்பது வருஷம் சேத்துல நிக்கிறேன். எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு பொழைப்புக்காகப் பொய் சொல்லுது. அல்லா மேல ஆணையா அது தப்பான படம்."

மகன் அதையும் எழுதிவிட்டான். புத்தகம் போடுகிற கம்பெனி அவளை விட்டுவிட்டு, வேறு ஆளை வைத்து அட்டையையும் மாற்றிக்கொண்டது.

தை மாதத்தில் நான் ஊரைவிட்டு நகர்ந்ததே இல்லை. எங்கள் அறுவடையும் அப்போதுதான். அடுத்த தையில் மனைவியின் அண்ணன் மவுத்தாகிவிட்டார். போய்த்தான் ஆகவேண்டும். மழை பின்தங்கிப் பெய்த வருடம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர். தண்ணீருக்கு மேலே கதிர். தோணியில் நின்று பெண்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அட்டையை யாரோ பெரிதாக்கி விரித்து வைத்த மாதிரி இருந்தது.

அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்கங்க" என்றாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் கிராமத்துக்குப் போனேன். "கம்ப்யூட்டர்ல படம் வரையுற பொண்ணு வீடு" என்றதும் காட்டிவிட்டார்கள். வாசலுக்கு எதிரே வயல், வயல் முழுக்கத் தண்ணீர். அவளுடைய அம்மா அரிவாளும் கையுமாகக் கரையேறி வந்தாள்.

"எங்கேருந்து பாய் வர்றீங்க?"

சொன்னேன். நான் யார் என்பதையும் சொன்னேன். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும்.

"தஞ்சாவூரு விவசாயி நீங்கதானா? எழுத்துல இன்னும் பெரிய ஆளா இருந்தீங்களே."

"நாங்க நெல்லப் பாக்காதவங்கன்னு சொன்னவரா?" என்று அம்மா அரிவாளை நீட்டினாள். "எறங்குங்க பாய். இடுப்பளவுதான். எப்படி அறுக்குறதுன்னு எங்களுக்குக் காமிங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் ஊரில் அடித்தாளைப் பிடித்து அறுப்போம். இங்கே அடி தண்ணீருக்குள். தடவிப் பிடித்து இழுத்ததில் கதிர் ஒடிந்து தண்ணீரில் போனது. மறுபடியும் அப்படியே. "போதும் பாய், இருக்குறதையும் அழிச்சுடாதீங்க" என்று அம்மா அரிவாளை வாங்கிக்கொண்டாள். அது மடுமுழுங்கி என்ற நெல், தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறும், பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அந்தப் பள்ளத்தில் அதுதான் என்றாள்.

ஈரத்தோடு நின்றபடி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "என்னை மன்னிச்சுடும்மா. மனுஷனுக்குச் செஞ்ச குத்தத்த அந்த மனுஷன் பொறுத்தாத்தான் ஆண்டவனும் பொறுப்பான்னு எங்க மார்க்கத்துல இருக்கு."

"நான் பொறுத்துக்கிட்டா உங்களுக்கு ஆகும். எனக்கு என்ன ஆகும்?"

"மகன்கிட்ட சொல்லித் திருத்தி எழுதச் சொல்றேன்."

"எழுதிட்டு வாங்க. அப்ப பாப்போம். திங்கக்கிழமை நான் திருப்பூரு போறேன், பனியன் கம்பெனிக்கு. அங்க வரையுற வேலையில்ல, தைக்கிற வேலை." உள்ளே போய்விட்டாள்.

மகனிடம் சொன்னேன். உடனே திருத்தி எழுதப் பார்த்தான். கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கம் போய், அவர்கள் எழுதிவந்த இடத்தையே மூடிவிட்டார்களாம். வேறோர் இடத்தில் தப்பை ஒத்துக்கொண்டு எழுதினான். யாரும் பார்க்கவில்லை. நாங்கள் முதலில் எழுதியதை மட்டும் ஊரெல்லாம் நகல் எடுத்து வைத்திருந்தது. கம்பெனிக்கும் எழுதினான். புது அட்டை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, நன்றி என்று பதில் வந்தது. அந்த அட்டையை எனக்கு அனுப்பிவைத்தான். காய்ந்த வயல், கதிர்க்கட்டு, திமில் உள்ள காளை. அச்சு அசல் எங்கள் வயல். சரித்திரம் பிசகாத படம் என்று அதற்கு ஒன்பது மார்க் கொடுத்திருக்கிறார்களாம்.

பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "நம்பிச் செஞ்ச ஆணைய அல்லா மன்னிப்பான். அந்தப் பொண்ணோட ஹக்கு, பொறுக்குற உரிமை, அவகிட்டதான் இருக்கு. அத நான் தர முடியாது" என்றார்.

அடுத்த தையில், மகன் எழுதியதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. அம்மாவும் மகளோடு போய்விட்டாள் என்றார்கள். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் எழுதிய மின்னஞ்சலுக்கு மகன் நாலு தடவை எழுதிப் பார்த்தான், பதில் இல்லை. திருப்பூருக்கும் இரண்டு முறை போய்வந்தேன். வேலை விட்டு ஆயிரம் பெண்கள் வெளியே வருகிற தெருவில் நின்று முகம் முகமாகப் பார்த்தேன். அவள் முகத்தையே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வேளைத் தொழுகையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்கும்போதே தெரிகிறது, கொடுக்க வேண்டியவள் அங்கே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லுங்கள். அறியாமல் செய்தவர்தானே என்று எனக்காக இரங்க வேண்டாம். எப்படியோ அவளைப் பார்த்துவிட்டார், அவளும் மன்னித்துவிட்டாள் என்று யாரும் முடிவில் சேர்த்துவிடாதீர்கள். அவள் மன்னிக்கவில்லை.