நான் தட்டாமல் நின்ற கதவு

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் நடந்தது இது. குளியலறைக் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்து, காலையில் வரும் தண்ணீர் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. இனிமேல் பொறுக்க முடியாது என்று சுவரை உடைத்து வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

குளிக்க என்ன செய்வது என்று நாங்கள் விழிப்பதற்குள், "எங்க வீடு எதுக்கு இருக்கு?" என்று மேல் வீட்டு அக்கா சொல்லிவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மனசு தாராளம். தினமும் காலையில் துண்டும் சோப்புமாக ஒருவர் பின் ஒருவராக மாடி ஏறுவோம். படிக்கட்டில் எதிரே வருகிறவர்கள், என்ன, தீர்த்த யாத்திரையா என்று கிண்டல் செய்வார்கள்.

கீழேயிருந்து அக்கா வீட்டுக்குத் தண்ணீர் போகும் பெரிய இரும்புக் குழாய் எங்கள் குளியலறை மூலை வழியாகத்தான் ஏறியது. அது இடைஞ்சலாக நடுவே நின்றதால், எங்கள் தளத்தில் இருந்த பகுதியை மட்டும் பிளம்பர் அறுத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாயைச் சுவரோரமாகத் திருப்பி இணைத்தார். பார்க்கவே அழகாக இருந்தது. போட்டோ எடுத்து என் தங்கைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் மேலே குளிக்கப் போனாள். கீழே பிளம்பர் ஸ்டூலில் ஏறி, கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய இரும்புக் குழாயின் மிச்சத் துண்டைத் துடைக்கப் போனவர், வெடுக்கென்று கையை இழுத்தார். என்ன ஆயிற்று என்றேன். நரம்பு பிடித்துக்கொண்டது போல என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அக்கா இறங்கி வந்தார். தண்ணீர்க் குழாயை நல்லி என்பார் அவர். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"நேத்து சாயங்காலத்துல இருந்து நல்லியத் தொட்டா சுருக்குன்னு இழுக்கு, பாத்துக்கோ. மழைக்காலம்லா, செவரெல்லாம் ஓதமா கெடக்கு. உம் மவளுக்குக் கீஸரப் போட்டு, முந்தானையால புடிச்சு நல்லியத் தெறந்து விட்டுட்டுத்தான் வாரேன்."

பிளம்பர் இன்னும் கையை உதறிக்கொண்டிருந்தார். அவர் தொட்டதும் அக்கா தொட்டதும் ஒரே குழாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தத்தோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. குளிக்கும்போது யாராவது கூப்பிட்டால் நாம் என்ன செய்வோம்? வெளியே என்ன சொல்கிறார்கள் என்று கேட்க முதலில் குழாயை மூடுவோம். அவளும் மூடுவாள், ஈரக் கையோடு. பெற்ற பிள்ளையை நானே கூப்பிட்டுக் கொன்றுவிடுவேன் என்று பயந்து கையை இறக்கினேன்.

சும்மா இருக்கவும் முடியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. வாளி நிறையும் சத்தம் எந்த மும்பைக்காரிக்குத் தெரியாது? அடுப்படியிலிருந்தே அதைக் கேட்டு, ஓடிப்போய்க் குழாயை மூடுகிறவர்கள் நாங்கள். என் மகளும் அப்படி வளர்ந்தவள்தான். வாளி வழிய விடமாட்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க அக்கா வந்துவிட்டார். உள்ளே கேட்காதபடி அவர் காதோடு சொன்னேன்.

"மெயின ஆஃப் பண்ணுங்கக்கா."

ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாசலுக்கு மேலே இருந்த மெயின் ஸ்விட்சை, செருப்பு அலமாரி மேல் ஏறி நின்று இறக்கினார். ஃபேன் நின்றது. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சமும் போனது.

"ஆன்ட்டி, லைட்டு போயிடுச்சு" என்று உள்ளேயிருந்து எரிச்சலோடு கத்தினாள் மகள். நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்னார். அக்கா வீட்டுக் கீஸரில் எத்தனை காலமாகவோ கரண்ட் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கட்டடம் கட்டிய காலத்தில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் கசிந்ததெல்லாம் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கிப் போயிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. நடுவில் நாங்கள் பிளாஸ்டிக்கைப் போட்டதும், இறங்க வழியில்லாமல் அது மேல் வீட்டுக் குழாயிலேயே நின்றுவிட்டது. அந்த வாரமே எல்லா வீட்டுக்கும் தனியாக எர்த் போட்டோம். கீஸரும் மாறியது.

இன்றும் மகள் குளிக்கும்போது, அவளுக்கு எவ்வளவு அவசரமான போன் வந்தாலும் நான் கதவைத் தட்டுவதில்லை. அவளுக்குக் காரணம் தெரியும், இருந்தும் கேலி செய்வாள். ஆனால் அவளிடம் சொல்லாத பயம் ஒன்று எனக்கு இருக்கிறது. அன்று உள்ளே இருந்தது என் பிள்ளை என்பதால் ஓடினேன். அவள் குளித்துவிட்டு வந்த பிறகு அக்கா அதே பேச்சைச் சொல்லியிருந்தால், "ஆமாக்கா, மழைக்காலம்தானே" என்று சிரித்துவிட்டு, அவரைக் குளிக்க அனுப்பியிருப்பேனோ என்பதுதான் அது.